டாக்கர் 29-க்கு மாறியதும் எல்லாத் தளமும் 404 காட்டுகிறதா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவருக்கு ஆர்டர் பக்கம், மெனு, கணக்கு என மூன்று கன்டெய்னர்களை (டாக்கர் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் செயலிகள்) பழைய மினி கணினி ஒன்றில் ஓட்டித் தருகிறேன். வாசலில் நின்று, வரும் ஆளைச் சரியான கன்டெய்னருக்கு அனுப்பும் ப்ராக்ஸி, டிரெஃபிக் (Traefik). பெயரைச் சொன்னாலே எனக்கு பாயான் லெப்பாஸ் மாலை நெரிசல்தான் ஞாபகம் வரும்.

ஒரு சனிக்கிழமை இரவு உபுண்டுவில் எல்லாவற்றையும் புதுப்பித்துவிட்டுத் தூங்கப் போனேன். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அக்காவின் அழைப்பு: “தம்பி, பக்கமே திறக்கல. இலை போடுற நேரம்!”

மூன்று தளத்திலும் வெள்ளைப் பக்கத்தில் ஒற்றை வரி, 404. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நான் அவசரப்பட்டு கன்டெய்னர்களை மூன்று முறை நிறுத்தி ஓட்டினேன், வீண். டிரெஃபிக்கில் 502 வந்தால் வழி தெரிகிறது, உள்ளே இருக்கும் செயலிதான் பதில் தரவில்லை என்று அர்த்தம். 404 என்றால் வழியே அதற்குத் தெரியவில்லை. நின்றுபோன கன்டெய்னருக்கும் 404 வரும். அதனால் முதலில் அவை ஓடுகின்றனவா என்று பாருங்கள். எல்லாம் ஓடியும் எல்லாமே 404 என்றால், டிரெஃபிக் கன்டெய்னரின் லாக்கை (பதிவுக் குறிப்பு) திறங்கள். எனக்கு அங்கே ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: கிளையன்ட் பதிப்பு 1.24 மிகப் பழையது, குறைந்தது 1.44 வேண்டும்.

டிரெஃபிக், டாக்கரோடு பேசும் வாயிலான டாக்கர் சாக்கெட் வழியாகத்தான் கன்டெய்னர் லேபிள்களை (எந்த முகவரி எந்தக் கன்டெய்னருக்கு என்ற குறிப்புகள்) படித்து வழிகளை அமைக்கிறது. பழைய டிரெஃபிக் அந்தச் சாக்கெட்டில் ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் முறை) 1.24 என்று பேசும். அது 2016-இல் வந்த டாக்கர் 1.12 காலத்துப் பேச்சு. 2025 நவம்பரில் வந்தபோது டாக்கர் 29, 1.44-க்குக் கீழே யார் பேசினாலும் காது கொடுக்கவில்லை. லேபிள் கிடைக்கவில்லை, வழியும் இல்லை.

கடை நேரத்தில் உடனே சரியாக வேண்டுமென்றால், டாக்கரின் அமைப்புக் கோப்பான டீமன் ஜேசனில் (daemon.json) மின்-ஏபிஐ-வெர்ஷன் (min-api-version) என்ற அமைப்பை 1.24 என்று வைத்து டாக்கரை மறுதொடக்கம் செய்யுங்கள். கோப்பில் ஏற்கெனவே வேறு வரி இருந்தால் நடுவே காற்புள்ளி போட மறக்காதீர்கள். நான் மறந்தேன், டாக்கரே எழும்பவில்லை, அக்கா இன்னொரு முறை அழைத்தார். டிரெஃபிக் கன்டெய்னருக்குள் ஏபிஐ பதிப்பைச் சூழல் மாறியாகவும் கொடுத்துப் பார்த்தேன், பலிக்கவில்லை.

இது ஒட்டுப்போட்ட வேலைதான். உண்மையான தீர்வு டிரெஃபிக் 3.6.1 அல்லது அதற்குப் பிந்தையது. அது டாக்கரிடம் எந்தப் பதிப்பில் பேசலாம் என்று தானே கேட்டுக்கொள்கிறது. கன்டெய்னர்களை விவரிக்கும் கம்போஸ் கோப்பில் ‘லேட்டஸ்ட்’ என்று விடாமல் பதிப்பு எண்ணை எழுதி, படிமத்தை (இமேஜ்) இழுத்து, மீண்டும் ஏற்றுங்கள். தளங்களின் எச்டிடிபிஎஸ் சான்றிதழ்கள் இருக்கும் ஆக்மி ஜேசன் (acme.json) கோப்பை அதற்கு முன்பே நகலெடுத்துவிடுங்கள். எல்லாம் ஓடிய பிறகு அந்த 1.24 வரியை நீக்கவும் வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள்.

இன்னும் டிரெஃபிக்கின் இரண்டாம் பதிப்பிலேயே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. 2024 ஏப்ரலில் வந்த மூன்றாம் பதிப்பில், எந்த முகவரிக்கு எந்தக் கன்டெய்னர் என்று சொல்லும் ஹோஸ்ட் விதிக்குள் இரண்டு முகவரிகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுத முடியாது. தனித்தனி ஹோஸ்ட்டாக எழுதி நடுவே || போட வேண்டும். அனுமதித்த ஐபிகளை மட்டும் உள்ளே விடும் ஐபி ஒயிட்லிஸ்ட்டின் பெயர் இப்போது ஐபி அலவ்லிஸ்ட். எல்லா விதி லேபிளையும் மாற்ற நேரமில்லை என்றால், இயல்பு விதி இலக்கணத்தை (defaultRuleSyntax) வி2 என்று வைத்து இப்போதைக்குச் சமாளிக்கலாம்.

அப்புறம், டாக்கர் தொகுப்பு தற்செயலாகப் புதுப்பிக்கப்படாதபடி ஆப்ட்-மார்க் ஹோல்டு (apt-mark hold) போட்டு வைத்திருக்கிறேன். அக்கா கடைக்குத் திங்கள் விடுமுறை, புதுப்பிப்பெல்லாம் இனி அன்றைக்குத்தான்.