கண் நன்றாக இருப்பவருக்கு ஏன் மாத்திரை?

ட்ரக்கோமா என்ற, கிருமியால் பரவும் கண் நோய்க்கு ஊர் முழுக்க அசித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கப் போனால், வீட்டுக்கு வீடு காதில் விழும் பேச்சு இது: "எனக்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது!" அதைக் கேட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவதுதான் பெரிய தவறு. இந்தக் கிருமி அறிகுறி காட்டாமலும் கண்ணில் தங்கும். விரல், முகம் துடைக்கும் துணி, கண்ணில் மொய்க்கும் ஈ என்று கிடைத்த வழியில் தாவும். சிவந்த கண்களுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், அதே துண்டில் முகம் துடைக்கும் அக்காவிடமிருந்து தம்பிக்கு மறுபடி தொற்றும். 100 பேரில் 80 பேராவது விழுங்க வேண்டும். வெளியே போனவர்களுக்காக மாலையில் இன்னொரு நடை போவது வீண் அலைச்சல் இல்லை.

அளவைக் கண்மதிப்பில் சொல்லாதீர்கள். உயரம் குறித்த கோல் கையில் இருக்கிறது. செருப்பைக் கழற்றி, குதிகாலை ஒட்டி நிற்க வைத்து, கோல் காட்டும் அளவையே கொடுங்கள்.

எனக்கு மிகவும் பயம் தருவது, அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்து மருந்தை ஊற்றுவது. விம்மி மூச்சை இழுக்கும் அந்த நொடியில் மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம், உயிருக்கே ஆபத்து. நிமிர்ந்து உட்கார வையுங்கள், அழுகை அடங்கட்டும். சின்னக் குழந்தைக்கு மாத்திரை வேண்டாம், திரவ மருந்துதான். கடைசிவரை மறுத்தால் விட்டுவிடுங்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் குறையட்டும்.

6 மாதம் நிரம்பாத குழந்தைக்கு டெட்ராசைக்ளின் கண் களிம்பு, தினம் இரண்டு வேளை, 6 வாரம். கண் தெளிந்துவிட்டதென்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். களிம்பைத் தரும்போதே எந்தத் தேதிவரை போட வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும்.

ஒரு சுற்றோடு முடிந்தது என்று நினைப்பதும் தவறு. 1 முதல் 9 வயதுவரையுள்ள குழந்தைகளில் 10 சதவீதத்துக்கு மேல் நோய்க்குறி இருந்தால், ஆண்டுக்கு ஒரு சுற்றாக 3 ஆண்டுகளாவது கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 30 சதவீதத்தைத் தாண்டினால் 5 ஆண்டுகள். இடையில் முகம் கழுவத் தண்ணீரும் கழிப்பறையும் வராவிட்டால் கிருமி திரும்ப வழி திறந்தே இருக்கும்.

இந்த நோய் முற்றி இமைமுடி உள்பக்கம் திரும்பிக் கருவிழியை உரசுகிறவர்களுக்கு மாத்திரை போதாது, அறுவை சிகிச்சை வேண்டும். எல்லா வாசலிலும் நாம் ஏறுகிற நாள் மருந்து கொடுக்கும் அந்த நாள் ஒன்றுதான். கண்ணைக் கசக்கியபடி திண்ணையில் இருக்கும் பாட்டியின் இமையையும் பார்த்து, பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள்.