நாள்பட்ட தொற்று உள்ளவர்களுக்குத் தடுப்பூசி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரில் தடுப்பூசிப் பணிக்குப் புதிதாக வரும் செவிலியர்கள், நான் முதல் வருடம் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கிறேன். ஐஸ் பெட்டி, காலாவதித் தேதி பற்றியெல்லாம் இங்கே சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியும்.

ரத்தம் பார்க்காமல் ஹெபடைடிஸ் பி ஊசி

ஏற்கனவே அந்தக் கல்லீரல் தொற்று இருப்பவருக்கு இந்த ஊசியால் பயனில்லை. முதலில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. (ரத்தத்தில் அந்த வைரஸ் இருப்பதைக் காட்டும் பரிசோதனை) பாருங்கள்.

மூன்று ஊசி முடிந்ததும் 'இனி கவலையில்லை' என்று அனுப்புவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது. துறைமுகத்தில் மீன் கூடை தூக்கும் ஒரு அண்ணன், எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுபவர். அவர் மனைவிக்கு ஹெபடைடிஸ் பி தொற்று. அண்ணனுக்கு 0, 1, 6 மாதக் கணக்கில் ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றையும் தவறாமல் போட்டேன். அட்டையை நிரப்பிக் கொடுத்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்துப் பரிசோதித்தால், எதிர்ப்பொருள் 10 மில்லி யூனிட்டுக்கும் கீழே. வந்து குறைந்ததா, வரவே இல்லையா? அப்போது அதைச் சொல்ல வழியே இல்லை. எதிர்ப்பொருள் நாளாக ஆகத் தானாகவே இறங்கும். அதனால்தான் கடைசி ஊசி போட்ட 1 முதல் 2 மாதத்துக்குள் ஆன்டி-எச்.பி.எஸ். என்ற அந்த எதிர்ப்பொருளின் அளவைப் பார்க்கச் சொல்கிறார்கள். மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் இருந்தால் சரி. இல்லையென்றால் இன்னொரு சுற்று, பெரும்பாலும் இரட்டை அளவில்.

எதிர்ப்பொருள் செய்யும் பி செல்களைத் தூண்டிவிடுவது சிடி4 செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். எச்.ஐ.வி. அழிப்பது அவற்றைத்தான். மாத்திரையால் வைரஸ் அடங்கி எண்ணிக்கை ஏறினாலும், வருடக்கணக்காகப் போராடிக் களைத்த செல்களுக்குப் பழைய வேகம் முழுதாகத் திரும்புவதில்லை. ஆரோக்கியமான இளவயதினரில் 100க்கு 90 பேருக்கு மேல் பலன் தரும் அதே மூன்று ஊசி, இவர்களில் பலருக்குப் பலிக்காமல் போகிறது.

"போட்டாச்சுன்னுதானே சொன்னீங்க சிஸ்டர்?" என்று அவர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. நல்லவேளை, தொற்று வந்திருக்கவில்லை. ஆனால் மறுசுற்றுக்காக ஒவ்வொரு முறையும் அவர் ஒரு நாள் கூலியை இழந்தார். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை அன்றே எழுதியிருந்தால் பாதுகாப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே அந்த இரண்டு வருடம் அவர் இருந்திருக்க மாட்டார்.

வயிற்றில் பூச்சி என்று ஊசியைத் தள்ளிப்போடுவது

குடற்புழுக்கள் தங்களைக் காத்துக்கொள்ள நம் எதிர்ப்பு சக்தியை அமர்த்திவைக்கும். யானைக்கால் நோய்ப் புழுவும் அப்படித்தான். நம் பக்கத்து மக்களுக்கு அது புதிதில்லை. எத்தியோப்பியாவில் ஆல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுத்தவர்களிடம், காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.க்கு எதிர்ப்பு சக்தி காட்டும் எதிர்வினை கூடியதைப் பார்த்திருக்கிறார்கள். அதற்காகக் குழந்தையைத் திருப்பி அனுப்பாதீர்கள். அடுத்த முறை அந்தத் தாய் வருவாரா என்பது நிச்சயமில்லை. பூச்சி மாத்திரையும் கொடுங்கள், ஊசியும் போடுங்கள்.

சிடி4 200க்குக் கீழே இருக்கும் பெரியவருக்குத் தட்டம்மை ஊசி

கூடாது. அது வலுக்குறைத்த, ஆனால் உயிருள்ள வைரஸ்; எதிர்ப்பு சக்தி இவ்வளவு குறைந்த உடலில் அதுவே நோயாகிவிடலாம்.