உங்கள் தெருக் குப்பையை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி? பாளையங்கோட்டையிலிருந்து ஒரு செய்முறை

ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இது, அதனால் இப்போதே எழுதுகிறேன். நாலு நாள் விடாமல் பெய்தால் தெருமுனையில் கிடக்கிற பைகள் வாறுகாலை (தெருவோரச் சாக்கடையை) அடைக்கும், அதையும் தாண்டினால் பாளையங்கால் வாய்க்காலில் போய் விழும், அந்தத் தண்ணீரை நம்பி வயல் இருக்கிறது. எந்த முனையில் எவ்வளவு கிடக்கிறது என்பது தெருக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 55 வார்டு இருக்கிற திருநெல்வேலி மாநகராட்சியில் போய் "எங்க தெருவுல ஒரே குப்பை" என்றால் யாருக்கு என்ன விளங்கும்? இடத்தைப் புள்ளி வைத்துக் காட்ட வேண்டும்.

தேவையானவை

ஒரு ஸ்மார்ட்போன், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் ஒரு கணக்கு (இலவசம்). 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய வரைபடம் இது, நாமே திருத்தலாம். அதில் புள்ளி சேர்க்க போனில் 'எவ்ரி டோர்' செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் வரும். இன்னொன்று 'யூமேப்', அந்த வரைபடத்தின் மேல் நம் புள்ளிகளைத் தனியாக வைத்துக்கொள்ளும் தளம், அதை பிரவுசரிலேயே திறக்கலாம்.

எதற்கு இரண்டு என்று கேட்பீர்கள். குப்பைத்தொட்டி, உரக்கூடம் மாதிரி நிலையாக இருப்பவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் போக வேண்டும், உலகமே பார்க்கிற பொது வரைபடம் அது. இன்று கிடந்து நாளை அள்ளப்படுகிற குவியலை அதில் ஏற்றக் கூடாது, அதற்குத்தான் யூமேப். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

முதலில் நடங்கள்

போனை எடுக்கும் முன் உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் பேசுங்கள். நாங்கள் முதல் வாரம் அப்படிச் செய்யவில்லை, பார்த்த குவியலையெல்லாம் குறித்துவிட்டு வந்தோம். பிறகு பேட்டரி வண்டி ஓட்டும் அக்காவிடம் காட்டியபோது ஒரு முனையைத் தொட்டு, "இங்க நான் காலையில அள்ளிட்டுத்தான் போறேன், ராத்திரி கடை அடைக்கும்போது திரும்பக் கொட்டுறாங்க" என்றார். எங்கள் வரைபடத்தில் இடம் இருந்தது, நேரம் இல்லை. நேரம் இல்லாத புள்ளியைப் பார்க்கிறவர்கள் அள்ளவில்லை என்றுதான் நினைப்பார்கள், பழி அந்த அக்கா மேல் விழும். அதனால் ஒரே முனையைக் காலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் பாருங்கள், குறைந்தது மூன்று நாளாவது.

வாசல் தெளிக்கிற ஆச்சிகளிடமும் கேளுங்கள், யார் எப்போது கொட்டுகிறார்கள் என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். ஆனால் ஆள் பெயரையோ வீட்டு எண்ணையோ வரைபடத்தில் எழுதக் கூடாது, படம் எடுத்தால் முகமும் விழக் கூடாது. குப்பைக்குத்தான் கணக்கு எடுக்கிறோம், அண்டை வீட்டாருக்கு அல்ல.

தொட்டியைக் குறிப்பது

எவ்ரி டோரைத் திறந்து, மரப்படம் போட்ட பகுதிக்குப் போங்கள். கூட்டல் குறியை அழுத்தி இடத்தைத் தேர்ந்து, வகையைக் கொடுங்கள். கையில் இருக்கிற குப்பையைப் போடும் சின்னத் தொட்டி 'வேஸ்ட் பாஸ்கெட்', பெரிய தொட்டி 'வேஸ்ட் டிஸ்போசல்'. பிறகு பதிவேற்றுங்கள், அவ்வளவுதான். டவுன் பக்கத்துச் சந்துகளில் இருபுறமும் சுவர் நெருக்குவதால் போன் காட்டும் இடம் பல அடி தள்ளிப்போகும், அங்கே கோயிலையோ தெருமுனையையோ அடையாளம் வைத்துக் கையால் நகர்த்துங்கள். கூகுள் மேப்பைப் பார்த்து எதையும் நகலெடுக்காதீர்கள், அதற்கு உரிமை கிடையாது.

குவியலைக் குறிப்பது

யூமேப்பில் அதே கணக்கால் நுழைந்து புதிய வரைபடம் தொடங்குங்கள். ஒவ்வொரு வகைக்கும் தனி அடுக்கு, தனி நிறம்: வீட்டுக் குப்பை, இளநீர்க் கூடு, நாப்கின் டயப்பர், கட்டட இடிபாடு. இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கட்டட இடிபாட்டுக்கு 2016-இல் இருந்தே தனி விதி உண்டு, வீட்டுக் குப்பையோடு கலக்கக் கூடாது, அதை எடுக்க வேறு வண்டி வர வேண்டும். எல்லாம் ஒரே சிவப்புப் புள்ளியாக இருந்தால் எந்த வண்டியை அனுப்புவது என்றே தெரியாது.

ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று வரி போதும்: பார்த்த தேதி, நேரம், வாறுகால் எத்தனை அடி தூரத்தில். மழைக்கு முன் எதை முதலில் அள்ளுவது என்பதை அந்தக் கடைசி வரிதான் சொல்லும். யார் யார் திருத்தலாம் என்பதை அனுமதிப் பகுதியில் முடிவு செய்துகொள்ளுங்கள், எல்லோருக்கும் திறந்துவிட்டால் தெரியாமல் யாராவது அழித்துவிடுவார்கள். எங்கள் தெருவில் நாலு பேர் மட்டும் திருத்துகிறோம், மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் படமும் இடமும் அனுப்புகிறார்கள்.

கொண்டு போய்க் கொடுப்பது

அதிகாரிக்கு லிங்க் அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். அச்செடுத்து, ஏரியா சபைக் கூட்டம் (வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசுவது) வரும்போது மேசையில் விரியுங்கள். கேட்பதும் தெளிவாக இருக்கட்டும். "சுத்தம் செய்யுங்கள்" என்பதற்குப் பதிலாக "இந்தத் தெருவில் பாதிப்பேர் ஏழு மணிக்கு முன்னால் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள், வண்டி ஏழரைக்கு வருகிறது, ஆறரைக்கு வர முடியுமா" என்று கேட்டோம். இப்போது அந்த முனையில் காலைக் குவியல் இல்லை. கடை அடைக்கும் நேரக் குவியல் இன்னும் இருக்கிறது, கடைக்கார அண்ணாச்சிகளிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மாதம் ஒருமுறை மறுபடி நடந்து, குவியல் இல்லாமல் போன புள்ளிகளைப் பச்சையாக மாற்றுங்கள். அழித்துவிடாதீர்கள், அடுத்த மழைக்கு அதே இடத்தில் திரும்பக் கொட்டுகிறார்களா என்று பார்க்க அது வேண்டும்.