குறைபாகங்களோடு வந்த 6497 வாட்ச் மூவ்மென்ட்டைப் பூட்டுவது எப்படி?

பழைய வாட்ச் பாகங்களை மொத்தமாக வாங்கினால் பையின் அடியில் பாதி கழற்றிய மூவ்மென்ட் (வாட்ச்சை ஓட்டும் உள் இயந்திரம்) ஒன்று கிடப்பது சகஜம். அது 6497 என்றால், தொழில் பழக அதைவிட நல்லது அமையாது. பாக்கெட் வாட்ச்சுக்காக ஸ்விட்சர்லாந்தின் டிராமெலான் ஊரில் யூனிடாஸ் நிறுவனம் செய்த வடிவம் அது. பிறகு மூவ்மென்ட் செய்யும் ஈடிஏ நிறுவனத்தின் கைக்கு வந்தது. சீனாவின் சீகல் செய்யும் எஸ்டி36 இதன் நகல். குறுக்களவு 36.6 மி.மீ., உயரம் 4.5 மி.மீ. பாகங்கள் பெரியவை, தானியங்கி அமைப்பு கிடையாது, தேதி கிடையாது. புதிதாகக் கற்கும் கைக்கு இந்த அளவு வேண்டும்.

எதையும் பூட்டுவதற்கு முன் என்ன இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைத் தாளை விரித்து, பாகங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, பக்கத்தில் எண்ணை எழுதுங்கள். சுவிஸ் மூவ்மென்ட்களில் ஒரே வேலையைச் செய்யும் பாகத்துக்கு எந்த மாடலானாலும் ஒரே எண்தான். மெயின் பிளேட் (அடித்தட்டு) 100, பேரல் பிரிட்ஜ் (பிரிட்ஜ் என்பது வீல்களை மேலிருந்து பிடிக்கும் தகடு) 105, வீல்களின் பிரிட்ஜ் 110, பேலன்ஸ் காக் 121, பேலட் பிரிட்ஜ் 125, பேரல் (மெயின்ஸ்பிரிங் இருக்கும் டப்பா) 180, அதன் அச்சு 195, சென்டர் வீல் 206, மூன்றாம் வீல் 210, நொடிமுள் ஏறும் நான்காம் வீல் 224, எஸ்கேப் வீல் 705, பேலட் ஃபோர்க் 710, முழு பேலன்ஸ் (முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்) 721, மெயின்ஸ்பிரிங் (விசை தரும் சுருள்வில்) 770. சாவி கொடுக்கும் பக்கத்தில் ஸ்டெம் (சாவித் தண்டு) 401, ஸ்லைடிங் பினியன் 407, வைண்டிங் பினியன் 410, ராட்செட் வீல் 415, கிரவுன் வீல் 420, கிளிக் 425, கிளிக் ஸ்பிரிங் 430, யோக் 435, யோக் ஸ்பிரிங் 440, செட்டிங் லீவர் 443, அதன் ஜம்பர் 445. ஸ்க்ரூவுக்கு அந்தப் பாகத்தின் எண் முன்னால் 5 சேரும்: பேலன்ஸ் காக்கின் ஸ்க்ரூ 5121, ராட்செட் வீலின் ஸ்க்ரூ 5415. கடையில் படத்தைக் காட்டி "இதுமாதிரி ஒன்று" என்று கேட்காதீர்கள். "6497-1, 430" என்று கேளுங்கள். தவறான பாகம் வருவது பெரும்பாலும் நின்றுவிடும்.

அந்த -1 முக்கியம். 6497-1 மணிக்கு 18,000 துடிப்பு. 6497-2 மணிக்கு 21,600. இரண்டின் பேலன்ஸும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியலாம். -1 மூவ்மென்ட்டில் -2இன் பேலன்ஸை மாட்டினால் வாட்ச் ஓடும், ஆனால் மணிக்கு 12 நிமிடம் முந்தும். மாற்றி மாட்டினால் மணிக்கு 10 நிமிடம் பிந்தும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டராலும் இதைச் சரிசெய்ய முடியாது. 6498 என்பது இன்னொன்று: கிரவுன் (சாவி கொடுக்கும் குமிழ்) 3 மணிப் பக்கம் இருக்கும்போது 6497இல் சிறு நொடிமுள் 9இல் வரும், 6498இல் 6இல் வரும். பிளேட்டும் பிரிட்ஜும் வேறு என்பதால் அவற்றை இங்கே கொண்டுவர முடியாது.

இப்போது கணக்குப் பாருங்கள். ஸ்க்ரூ, கிளிக் ஸ்பிரிங், ஸ்டெம், மெயின்ஸ்பிரிங் இவை மட்டும் குறைந்தால் தனித்தனியாக வாங்கலாம். பேலன்ஸே இல்லையென்றால், அல்லது பேலட் ஃபோர்க்கும் எஸ்கேப் வீலும் சேர்ந்து இல்லையென்றால், தனியாகத் தேடி அலைய வேண்டாம். அதே மாடலில் ஓடாத முழு மூவ்மென்ட் ஒன்றை வாங்கி, அதிலிருந்து எடுப்பதே மலிவு. சீன நகலின் பாகம் பல இடங்களில் பொருந்தும், ஆனால் பொருந்தியே தீரும் என்று நம்பக் கூடாது. மாட்டிப் பார்த்த பிறகே முடிவு.

கருவிகள் அதிகம் வேண்டாம். 0.8, 1.2, 1.6 மி.மீ. ஸ்க்ரூ டிரைவர்கள், நுனி கூரான ட்வீசர், கண்ணில் மாட்டும் லென்ஸ், மூவ்மென்ட் ஹோல்டர், ஊதி, எண்ணெய் தொடும் ஊசி. விரலுக்கு ரப்பர் உறை. ஸ்க்ரூ டிரைவரின் நுனி ஸ்க்ரூவின் கோட்டை முழு அகலத்துக்கு நிறைக்க வேண்டும். சிறியதை வைத்துத் திருகினால் நழுவிப் பிரிட்ஜைக் கீறும்.

கழுவும்போது ஒரு எச்சரிக்கை. பேலட் ஃபோர்க்கின் கற்களும் பேலன்ஸின் இம்பல்ஸ் கல்லும் அரக்கால் ஒட்டப்பட்டவை. ஆல்கஹாலில் ஊறப் போட்டால் அரக்கு கரைந்து கல் கழன்றுவிடும். இந்த இரண்டையும் லைட்டர் பெட்ரோலில் மட்டும் அலசுங்கள்; மற்றவற்றை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் கழுவலாம்.

பேரலிலிருந்து தொடங்குவோம். புது மெயின்ஸ்பிரிங் வளையத்துக்குள் சுருண்டே வரும்; பேரலின் வாயில் வைத்துத் தள்ளினால் போதும். பழைய ஸ்பிரிங்கைக் கையால் சுருட்டித் திணித்தால் அது கூம்புபோல வளைந்து மூடியில் உரசும். அச்சின் கொக்கி ஸ்பிரிங்கின் உள் துளையைப் பிடித்திருக்கிறதா என்று அச்சைத் திருகிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பின்னால் சாவி கொடுக்கக் கொடுக்க முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். மூடியை அழுத்தும்போது நான்கு பக்கமும் 'டிக்' என்று உட்கார வேண்டும்.

அடுத்தது எண்ணெய் இல்லாமல் ஒரு வெள்ளோட்டம். குறைபாகக் கிட்டில் இதைத் தவிர்க்கவே கூடாது, ஏனென்றால் பட்டியலில் கண்ணில் படாத தவறு இங்கேதான் வெளிவரும். சென்டர் வீல், பேரல், மூன்றாம் வீல், நான்காம் வீல், எஸ்கேப் வீல் இவற்றில் எது அடியில் கிடக்குமோ அதை முதலில் வையுங்கள். பேலட் ஃபோர்க்கை இப்போது வைக்க வேண்டாம். பிரிட்ஜை மேலே வைத்து, ஒவ்வொரு பிவட்டையும் (வீல் அச்சின் மெல்லிய நுனி) அதன் கல்லின் துளைக்குள் மெதுவாக வழிநடத்துங்கள். விரல் நுனியால் பிரிட்ஜை லேசாக அழுத்தியபடி பேரலைச் சற்றுத் திருப்பினால் எல்லா வீலும் சுற்ற வேண்டும். சுற்றாமல் ஸ்க்ரூவை இறுக்காதீர்கள். துளைக்கு வெளியே நிற்கும் பிவட் அரைச் சுற்றில் முறிந்துவிடும். அதோடு அந்த வீலும் குறைபாகப் பட்டியலில் சேரும்.

ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்குவது, வீல் சுற்றுகிறதா பார்ப்பது, மறுபடி கால் சுற்று. முழுதும் இறுகியதும் ஒவ்வொரு வீலையும் ட்வீசரால் மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். மிகச் சிறிய ஆட்டம் இருக்க வேண்டும். ஒரு வீலில் அது அறவே இல்லையென்றால் பிரிட்ஜ் சரியாக உட்காரவில்லை, அல்லது அந்த வீல் வேறு மாடலுடையது.

கிளிக், அதன் ஸ்பிரிங், கிரவுன் வீல், ராட்செட் வீல் என்று மாட்டுங்கள். கிளிக் ஸ்பிரிங் பறந்து போகும் பாகம். மேலே ஒரு தெளிவான பிளாஸ்டிக் உறையைப் பிடித்துக்கொண்டு ட்வீசரை உள்ளே நுழைத்து மாட்டுங்கள். கிரவுன் வீலின் ஸ்க்ரூ பல மூவ்மென்ட்களில் இடது மரை. தலையில் மூன்று கோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம். கோடு இல்லையென்றாலும் இரு பக்கமும் மெதுவாகத் திருகிப் பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

ராட்செட்டை இரண்டு மூன்று பல் ஏற்றி விடுங்கள். வீல்கள் வேகமாகச் சுற்றி, நிற்கும் கணத்தில் எஸ்கேப் வீல் கொஞ்சம் பின்னோக்கி ஆடி நின்றால் வழி சுத்தம். சட்டென்று நின்றால் எங்கோ அழுக்கோ வளைந்த பல்லோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போவதில் பலன் இல்லை.

இப்போது எண்ணெய். வேகமாகச் சுற்றும் சிறு பிவட்களுக்கு மோபியஸ் என்ற வாட்ச் எண்ணெயில் 9010 எண். மெதுவாக, பாரத்தோடு சுற்றும் சென்டர் வீலுக்கும் பேரல் அச்சுக்கும் கெட்டியான எச்பி1300 அல்லது டி5. கல்லின் குழியில் பாதி நிறைந்தால் போதும். வழிந்தால் எண்ணெய் பிளேட்டில் பரவிப் பிவட் காய்ந்துவிடும். பேலட் ஃபோர்க்கின் பிவட்டுக்கு எண்ணெயே கூடாது. அதன் கற்களின் முகத்துக்கு மட்டும் 9415.

பேலட் ஃபோர்க்கை வைத்து, பிரிட்ஜை இறுக்கி, சாவியைச் சில பல் ஏற்றுங்கள். ஊசி நுனியால் ஃபோர்க்கைத் தொட்டதும் அது தானாகத் தாவி மறுபக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டும். தாவாமல் நடுவில் நின்றால் வீல்களின் வழியில் இன்னும் விசை வந்து சேரவில்லை என்று பொருள்.

பேலன்ஸ் காக்கில் தொங்கியபடியே இறங்கட்டும். இம்பல்ஸ் கல் ஃபோர்க்கின் வாய்க்குள் போக வேண்டும்; வெளியே நின்றால் வீல் அரைச் சுற்றுக்கூட ஆடாது. காக்கை லேசாக அழுத்தியதும் பேலன்ஸ் ஓடத் தொடங்கினால் ஸ்க்ரூவை இறுக்கலாம். ஓடவில்லை என்றால் அழுத்தத்தை எடுத்துவிட்டு மறுபடி தூக்கி வையுங்கள்.

டயல் பக்கம் ஸ்லைடிங் பினியன், வைண்டிங் பினியன், ஸ்டெம், யோக், செட்டிங் லீவர், ஜம்பர். உரசும் முகங்களுக்கு கிரீஸ். இங்கே கிட்டில் அடிக்கடி குறைவது யோக் ஸ்பிரிங். அது இல்லாமலும் மூவ்மென்ட் ஓடும், ஆனால் ஸ்லைடிங் பினியன் தன் இடத்துக்குத் திரும்பாது. சாவி ஒரு தடவை ஏறும், ஒரு தடவை வழுக்கும். செட்டிங் லீவர் ஸ்க்ரூவை பிரிட்ஜ் பக்கமிருந்து தளர்த்தித்தான் ஸ்டெம்மை எடுக்க வேண்டும். ஒன்றிரண்டு சுற்று போதும். முழுதும் கழற்றினால் லீவர் டயலுக்கு அடியில் விழுந்துவிடும். டயலையும் முள்ளையும் மறுபடி எடுக்க நேரும்.

டைம்கிராஃபரில் (துடிப்பைக் கேட்டு வேகத்தை அளக்கும் கருவி) லிஃப்ட் ஆங்கிள் என்ற அமைப்பை 44 டிகிரி வையுங்கள். முழுச் சாவியில், டயல் மேலே பார்க்கக் கிடக்கும்போது ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் ஆடும் கோணம்) 270 டிகிரிக்கு மேல் வந்தால் வேலை நன்றாக முடிந்தது. 220க்குக் கீழே என்றால் முதலில் மெயின்ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள், பிறகு பேலட் கற்களின் எண்ணெயை. நாளுக்குப் பல நிமிடம் முந்தினால் ஹேர்ஸ்பிரிங்கின் (பேலன்ஸோடு இருக்கும் மெல்லிய சுருள்வில்) சுருள்கள் ஒட்டியிருக்கும்: காந்தம் ஏறியிருந்தால் டீமேக்னடைசரில் காட்டுங்கள், எண்ணெய் பட்டிருந்தால் பேலன்ஸை மறுபடி லைட்டர் பெட்ரோலில் அலசுங்கள். பீட் எரர் (இரு பக்க ஆட்டத்தின் நேர வித்தியாசம்) அதிகம் என்றால் ஹேர்ஸ்பிரிங்கின் வெளிமுனையான ஸ்டட்டைப் பிடித்திருக்கும் கையை மயிரிழை அளவு நகர்த்துங்கள். ரெகுலேட்டரின் கை அதற்குப் பக்கத்திலேயே இருக்கும், மாற்றித் தொட்டால் வேகம் கெட்டுவிடும். முழுச் சாவியில் 6497-1 சுமார் 46 மணி நேரம் ஓட வேண்டும். டயலை மூடுவதற்கு முன் இரண்டு நாள் அப்படியே ஓட விட்டு, எப்போது நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.