பஸ் ஏறிப் போன பிளர்

தெருமுனை டீக்கடையில் எடுத்த 40 நொடி வீடியோ. அதில் நகரும் ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டை மட்டும் மறைக்க வேண்டும். டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் கலர் பேஜில் பிளேட்டைச் சுற்றி விண்டோ (மங்கல் விழ வேண்டிய இடத்தைக் குறிக்கும் வடிவம்) போட்டு, பிளர் ரேடியஸை, அதாவது மங்கலின் அளவை ஏற்றி, நகரும் பொருளோடு விண்டோவையும் நகர்த்தும் டிராக்கரை ஓடவிட்டேன். அழகாக ஒட்டிக்கொண்டு போனது. நடுவில் ஒரு டவுன் பஸ் குறுக்கே வந்ததும், பிளர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது! பிளேட் பளிச்சென்று நிற்கிறது.

விண்டோவைப் பெரிதாக்கினேன், பாதி ஸ்கூட்டரே காணோம். பிறகுதான் டிராக்கரில் 'கிளிப்' (விண்டோவை நகர்த்தினால் முழு டிராக்கும் நகரும்), 'ஃபிரேம்' (அந்த ஃபிரேமில் மட்டும் இடத்தைத் திருத்தலாம்) என்று இரண்டு முறைகள் இருப்பது கண்ணில் பட்டது. பஸ் நுழைந்த இடத்திலிருந்து தப்பான டிராக்கை அழித்துவிட்டு, ஃபிரேம் முறையில், பஸ் விலகும் இடத்தில் விண்டோவைக் கையால் நகர்த்திப் பிளேட் மேல் வைத்தேன். அங்கிருந்து மறுபடி டிராக். பஸ் மறைக்கிற அந்த ஒரு நொடியைத் தனியாக வெட்டி, பிளர் போட்டிருந்த நோடை (ஒரு திருத்தத்தை வைத்திருக்கும் பெட்டியை) அணைத்தேன்.

முடிந்தது என்று நினைத்து ஃபோனில் போட்டுப் பார்த்தால், சின்னத் திரையில் பிளேட்டில் இருக்கும் 7 இன்னும் 7 மாதிரியே தெரிகிறது. படம் சுருங்கினால் மங்கலும் சுருங்குமே! ரேடியஸை இன்னும் நன்றாக ஏற்றிவிட்டுத்தான் ரெண்டர் கொடுத்தேன்.