“ஏதாவது ஒரு வேலை” என்று கேட்காதீர்கள்

கத்தோலிக்க நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளை வேலையில் சேர்த்துவிடும் பணிக்குப் புதிதாக வரும் இளைஞர்கள், என் பழைய தவறுகளை ஒன்றுவிடாமல் செய்கிறார்கள். சாய்தளம், அகலமான கதவு எல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விடுங்கள்.

வேலையில்லாத வேலை

பார்வையற்ற பி.காம். பட்டதாரி ஒருவருக்காக ஒரு மருத்துவமனையில் பேசினேன். “ஏதாவது ஒரு வேலை போட்டுக் கொடுங்கள், சிஸ்டர்” என்றேன். கொடுத்தார்கள். வரவேற்பறையில் ஒரு நாற்காலி, மேசை, தொலைபேசி. மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், தொலைபேசியின் கம்பி சுவரில் செருகப்படவே இல்லை. “சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடுகிறது சார், வேலைதான் வரவில்லை” என்றார் அவர். ஆறாவது மாதம் நின்றுவிட்டார். அடுத்த ஆண்டு வேறொருவருக்காகப் போனபோது கிடைத்த பதில்: “ஏற்கெனவே ஒருவரை வைத்துப் பார்த்தோம், சரிவரவில்லை.” இன்று நினைத்தாலும் எரிச்சல்தான், பாதி அவர்கள்மீது, பாதி என்மீது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் வெளியிட்ட ‘லபோரெம் எக்ஸெர்சென்ஸ்’ சுற்றுமடலில் மாற்றுத்திறனாளிகளின் வேலை பற்றிய 22ஆம் எண்ணைக் கருத்தரங்குகளில் நானே வாசித்திருக்கிறேன். உரிமை, நியாயமான ஊதியம், பதவி உயர்வு, தடைகளை நீக்குதல் என்று அது பேசுகிறது. வாசித்துவிட்டு வந்து நான் கேட்டது என்னவோ பிச்சை.

பதவியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் விதிகள்படி, 20 ஊழியர்களோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்களைத் தன் சமவாய்ப்புக் கொள்கையில் பட்டியலிட வேண்டும். முதலில் அந்தப் பட்டியலைக் கேளுங்கள். இல்லையென்று கையை விரித்தால், உட்கார்ந்து சேர்ந்து எழுதுங்கள். அந்த பி.காம். பட்டதாரி கணினியில் கணக்குப் பார்ப்பார். பில் பிரிவு இரண்டு கதவு தள்ளித்தான் இருந்தது.

“மென்பொருளுக்குப் பணம் இல்லை”

பார்வையற்றவருக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பான் இலவசம்.

அம்மாவிடம் கேள்வி கேட்பது

நேர்காணலுக்கு வந்திருப்பவர் மகள்.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள் சால்வை

வேண்டாம்.

சேர்த்ததோடு மறந்துவிடுவது

ஒரு பள்ளி நூலகத்தில் காது கேளாத உதவியாளர் ஒருவர். பதினோரு ஆண்டுகளாக உதவியாளர். அவரிடம் வேலை கற்ற பையன் இப்போது நூலகர். இருவரும் படித்தது ஒரே படிப்பு.