மலைச்சரிவில் கழிவுநீர்ப் பம்பு: முதல் இயக்கமும் நீர்மட்ட அமைப்பும்

குன்னூரிலும் கோத்தகிரியிலும் சாலைக்குக் கீழே இறங்கும் சரிவில் கட்டிய வீடுகளும் விடுதிகளும் ஏராளம். அவற்றின் கழிவுநீர் மேலேயுள்ள குழாய்க்குத் தானாக ஏறாது என்பதால், கீழ்த்தளத்தில் ஒரு சேகரிப்புத் தொட்டி கட்டி, அதில் சப்மெர்சிபிள் பம்பை, அதாவது நீரில் மூழ்கியபடியே இயங்கும் பம்பை, இறக்குகிறார்கள். தரையில் நின்று உறிஞ்சும் பம்பைவிட இதுவே மலைக்கு ஏற்றது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் தாங்கக்கூடிய நீர்த்தூண் ஏறக்குறைய 7.9 மீட்டர்தான், கடல்மட்டத்தில் அது 10.3 மீட்டர். உறிஞ்சும் ஆழம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

எந்த வேலைக்காகவும் யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் தேங்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினால் மூக்கின் உணர்வையே மழுக்கிவிடுமாதலால், நாற்றம் இல்லை என்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றாகாது. பம்பைச் சங்கிலியால் மேலே தூக்கும்படியும், நீர்மட்டத்தோடு ஏறி இறங்கிப் பம்பை இயக்கி நிறுத்தும் மிதவை சுவிட்சுகளை மேலிருந்தே கட்டி அவிழ்க்கும்படியும் அமைத்துவிட்டால் இறங்க வேண்டிய தேவையே எழாது. பம்பைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டி, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும்.

தொட்டியில் கிடக்கும் சிமெண்ட் கட்டி, சாக்குத் துண்டு, பலகைச் சில்லு ஆகியவற்றை மேலிருந்தபடியே அகற்றிவிட வேண்டும். எர்த் இணைப்பைச் சரிபார்த்து, கேபிளைப் பேனலிலிருந்து கழற்றிய நிலையில் மெக்கர் என்னும் அளவுமானி கொண்டு மோட்டாரின் காப்புத்தடையை (மின்கசிவைத் தடுக்கும் காப்பின் திறனை) அளந்து, தயாரிப்பாளர் கையேட்டுடன் ஒப்பிட வேண்டும். மூன்று பேஸ் மோட்டாராயின், சங்கிலியில் தொங்கவிட்டு, எவரும் தொடாமல், ஒரு நொடி மட்டும் இயக்கிப் பார்க்கலாம். நீரைத் தள்ளும் இறக்கை மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் பம்பாயின் உடல் அதற்கு எதிராக, இடஞ்சுழியாக உதறும். திசை மாறியிருந்தால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகு இரண்டு பேஸ்களை இடம் மாற்ற வேண்டும். தலைகீழாகச் சுற்றும் பம்பும் ஓரளவு நீரைத் தள்ளும் என்பதால்தான் பலர் இதைக் கவனிப்பதில்லை.

நீர்மட்டங்களைக் கீழிருந்து மேலாகத் தீர்மானிக்க வேண்டும். முதலில் பம்பு நிற்கும் மட்டம். தொட்டி துடைத்தாற்போல் காலியாக வேண்டும் என்ற ஆசையில் இதை மிகவும் தாழ்த்துவதே மோட்டார் எரிவதற்குப் பெரும் காரணம் என்பேன். சாதாரண சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்த நீர்தான். அடுத்து, பம்பு கிளம்பும் மட்டம். நிமிடத்துக்கு 300 லிட்டர் தள்ளும் பம்பு, மணிக்கு 10 முறைக்கு மேல் கிளம்பக் கூடாது என்று கொள்வோம். தொட்டிக்குள் வரும் நீரின் வரத்து பம்பின் திறனில் சரிபாதியாக, அதாவது நிமிடத்துக்கு 150 லிட்டராக இருக்கும்போதுதான் அது மிக அதிக முறை கிளம்பும். இரு மட்டங்களுக்கும் நடுவே 450 லிட்டர் இருந்தால், நிரம்ப 3 நிமிடம், இறைக்க 3 நிமிடம், ஆக 6 நிமிடம் என்று கணக்கு சரியாகிவிடும். தொட்டி 1.5 மீட்டர் சதுரமாயின் அது 20 செண்டிமீட்டர் உயரம். பம்பின் உயரம் 50 செண்டிமீட்டர் என்றால் நிற்பது 50-இலும் கிளம்புவது 70-இலும் அமையலாம். இடைவெளியை மிகவும் கூட்டினால் கழிவு தேங்கிப் புளித்து, வாயுவும் நாற்றமும் பெருகும்.

அபாய மணிக்குத் தனி மிதவை வேண்டும். அது கிளம்பும் மட்டத்துக்கு மேலும், உள்ளே வரும் குழாயின் அடிமட்டத்துக்குக் கீழும் தொங்க வேண்டும். மின்தடையின்போதும் ஒலிக்கும்படி அதற்கு பேட்டரி இணைப்பது நல்லது. வரும் நீர் விழும் இடத்திலோ சங்கிலியில் சிக்கும்படியோ மிதவைகளைத் தொங்கவிடக் கூடாது.

முதல் இயக்கம் நல்ல நீரில் நடக்கட்டும். கிளம்பும் மட்டத்துக்கு மேல் நிரப்பி, வெளியேற்று வால்வைத் திறந்து, சுவிட்சை மேனுவலில் வைத்து இயக்கி, ஆம்பியரைப் பெயர்ப்பலகையுடன் ஒப்பிட வேண்டும். மோட்டார் ஓடியும் மட்டம் இறங்கவில்லையென்றால் பம்பில் காற்று அடைத்திருக்கலாம். ஏறிய நீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வுக்குக் கீழே, அந்தக் காற்று வெளியேற, குழாயில் ஒரு சிறு காற்றுத்துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஆட்டோவுக்கு மாற்றி, குழாய் நீரை ஊற்றி, கிளம்புதல், நிற்றல் இரண்டையும் சரிபார்க்கலாம். பம்பைச் சற்று அணைத்து வைத்து, மணி அடிக்கும் வரை நிரப்பியும் பார்க்க வேண்டும்.

சரிவில் மேலேறும் நீண்ட குழாய்க்கு இன்னொரு சோதனை உண்டு. வரத்து எதுவும் இல்லாதபோதும், பம்பு நின்றவுடன் தொட்டியின் மட்டம் ஏறினால் நான்-ரிட்டர்ன் வால்வு ஒழுகுகிறது என்று பொருள். 54 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 40 மீட்டர் குழாயில் சுமார் 90 லிட்டர் நிற்கும். அது திரும்பி வந்துகொண்டிருந்தால் பம்பு அதே நீரையே மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கும்.

மார்கழி, தை மாதக் குளிரில் சமையலறைக் கொழுப்பு உறைந்து, மேலே ஆடைபோல் படர்ந்து மிதவையைப் பிடித்துக்கொள்ளும். ஆகையால் விடுதிகளில், தொட்டிக்கு வருமுன்பே கொழுப்பைப் பிரித்துப் பிடிக்கும் கொழுப்புப் பொறி கட்டாயம்; பனிக்காலத்தில் மிதவைகளை வாரம் ஒருமுறை நீர் பீய்ச்சிக் கழுவுவது போதுமானது.